காத்திருப்பு: ஒன்றேகால் மணி நேரம்

ஓசூரில் எங்கள் குடியிருப்புக்கு எதிரே இரண்டு சூப்பர் மார்க்கெட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் குளிர்சாதனம், மெல்லிய பாட்டு, பையைக் கார் வரை தூக்கிவர ஆள். மற்றதில் அட்டைப்பெட்டியைக் கிழித்து அப்படியே அடுக்கியிருப்பார்கள், பை நம்முடையது, விலை குறைவு. எவ்வளவு குறைவு என்பதுதான் கீழ்வீட்டுக்காரரின் கேள்வி.

"மேடம், நீங்க ஆடிட்ல இருந்தவங்க. ரெண்டு கடை பில்லையும் வெச்சு ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்களேன்."

பார்க்கலாம். ஒரே கம்பெனிச் சரக்கு, ஒரே எடை, ஒரே நாள். ஐந்நூறு கிராம் பொட்டலம் சத்தமில்லாமல் நானூற்றைம்பதாகச் சுருங்கியிருக்கிறதா, இலவசமாகக் கொடுப்பது காலாவதியாகப் போவதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். நடைமுறை எனக்கு அத்துப்படி. ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன். பத்து வயதில் அப்படி ஒரு ஒப்பீடு செய்திருக்கிறேன். அது போதும்.

அப்போது ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவும் சித்தப்பாவும் புதிதாகத் திறந்த தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து, அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சித்தப்பாவுக்கு நேரம் அளக்கும் பிரிவு. ஒரு தொழிலாளி ஒரு திருகை முடுக்க எத்தனை விநாடி எடுத்துக்கொள்கிறான் என்று கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்பார். தொழிலாளிகள் அவரை என்னவென்று அழைத்தார்கள் என்பதை அவர் வீட்டில் சொன்னதில்லை.

தொழிற்சாலைக்குள் கூட்டுறவு ஸ்டோர் திறந்தார்கள். மொத்த விலைக்கே மளிகை. சித்தப்பா அதன் கமிட்டியில் உறுப்பினரானார். அம்மாவோ தெருக்கோடிக் கடையில்தான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கமிட்டி மெம்பர் வீட்டுலயே வெளிய வாங்குனா நாளைக்கு எவன் அண்ணி ஸ்டோருக்கு வருவான்?"

"அங்க மதினி நிறுத்ததுக்கு மேல ஒரு கை அள்ளிப் போடுவாவ தம்பி. ஒங்க ஸ்டோருல போடுவாவளா?"

மதினி என்றது கடைக்காரரின் மனைவியை. உறவில்லை, எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரி; அவளும் அம்மாவை அப்படித்தான் அழைப்பாள். எங்கள் வரிசையில் இந்தப் பக்கம் தெலுங்கு, அந்தப் பக்கம் கன்னடம். குழாயடியில் அம்மா தலையை ஆட்டுவாள், குடத்தைத் தூக்குவாள், வந்துவிடுவாள். அப்பாவுக்கு ஷிப்டு. நான் பள்ளிக்கூடம். அம்மா வாய் திறந்து பேசியது வாரம் ஒருமுறை, அந்தக் கடையில்தான்.

அப்பா தீர்ப்பு சொன்னார். ஒரே பட்டியலை இரண்டு இடத்திலும் வாங்கிப் பார்ப்பது. பெரிய வித்தியாசம் இல்லையென்றால் அம்மா இஷ்டம். கணக்கு எழுத நான். சித்தப்பா தன் அலுவலகத்திலிருந்து கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்.

ஸ்டோருக்கு அப்பாவோடு போனேன். கடைக்கு அம்மாவோடு. கடையில் என்னை அரிசி மூட்டைமேல் உட்காரவைத்தார்கள்.

"வாங்க மதினி. என்ன, புள்ள இப்பிடி மெலிஞ்சிட்டா?"

"படிப்பு படிப்புன்னு கெடக்கா. சோறா திங்கா?"

என்னிடமிருந்து பேச்சு ஆற்றங்கரைக்குப் போயிற்று, யாரோ ஒருத்தியின் கல்யாணத்துக்குப் போயிற்று, அங்கே சாம்பாரில் உப்பில்லாமல் போனதற்குப் போயிற்று. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் பழைய பேப்பர்காரரிடம் தராசு இரவல் வாங்கி எல்லாவற்றையும் நிறுத்தோம். எடைக்கற்களில் அரசு முத்திரை இருந்ததா என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. மொத்தத்தில் ஸ்டோர் ஒன்றே முக்கால் ரூபாய் மலிவு. ஆனால் மதினி அள்ளிப் போட்ட கைகளையும் எடைபோட்டு விலை கட்டியதும் வித்தியாசம் நாற்பது பைசாவாக இறங்கிவிட்டது.

"நாப்பது பைசாவுக்கா கம்பெனி பஸ்ஸுல மூட்ட தூக்கணும்? அவ வாங்குத எடத்துலயே வாங்கட்டும்" என்றார் அப்பா. அம்மா காப்பி போட எழுந்தாள். அவள் எழுந்த வேகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

என் தாளில் இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. நிரப்பிய கட்டத்தைப் படிக்காமல் விடுவது முறையல்ல. படித்தேன்.

"காத்திருப்பு. ஸ்டோர், எட்டு நிமிசம். கடை, ஒன்னேகால் மணி நேரம்."

சித்தப்பா நிமிர்ந்தார். "ஒன்னேகால் மணி நேரமா! அண்ணே, மாசம் நாலு தடவ போனா அஞ்சு மணி நேரம். அரை ஷிப்டுக்கு மேல வேஸ்ட்! அண்ணிக்கு எவ்வளவு அலைச்சல் பாருங்க."

அப்பா அம்மாவின் சிரமத்தைப் பொறுக்காதவர். "அது நெசந்தான்" என்றார்.

"எனக்கு ஒரு அலைச்சலும் இல்ல" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. அதை எழுதக் கட்டம் இல்லை.

அடுத்த மாதத்திலிருந்து மளிகை கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியது. இடையில் ஏதாவது தீர்ந்துபோனால் மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று சித்தப்பா விலக்கு அளித்திருந்தார். உப்பு தீர்ந்தது. அம்மா மத்தியானம் புறப்பட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு அரைப்படி உப்போடு திரும்பி வந்தாள். பத்து நாளில் மறுபடியும் உப்பு தீர்ந்தது. அதற்கடுத்து ஒரே வாரத்தில்.

பள்ளி விட்டு வந்த ஒருநாள் பாத்திரம் துலக்கும் கல்லருகே வெள்ளையாய்க் கரையாத உப்புக்கல் கிடப்பதைப் பார்த்தேன். "எலி சாடியக் கவுத்துட்டு" என்றாள் அம்மா. எலிக்கு உப்பு எதற்கு என்று யோசித்தேன். ஆனால் இருப்புக் குறைந்தால் மேலே தெரிவிக்க வேண்டும் அல்லவா? சித்தப்பாவிடம் சொன்னேன்.

"கெட்டிக்காரி" என்று தலையைத் தட்டிக்கொடுத்தார். அந்த மாதம் மற்ற சாமான்களோடு ஒரு முழு மூட்டை உப்பும் வந்து அடுப்படி மூலையில் நின்றது.

அம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது வருசம் பூரா வரும்" என்றாள்.

வரும் என்று நானும் உற்சாகமாகச் சொன்னேன். நாளொன்றுக்கு எவ்வளவு உப்பு என்று வகுத்து, ஒன்றரை வருடம்கூட வரும் என்று தாளில் போட்டு அவளிடம் காட்டினேன்.