மீந்த நீராகாரம்

பழைய சோற்றில் வளரும் பாக்டீரியாக்கள்தான் என் ஆராய்ச்சி. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் காலையில் வீடு வீடாகப் போய் குப்பியை நீட்டி ஒரு கரண்டி நீராகாரம் கேட்பேன். கூலிக்குப் போகிறவர்கள் அதற்குள் குடித்து முடித்திருப்பார்கள். ஒரு அக்கா வீட்டில் மட்டும் தினமும் மீந்திருக்கும். எனக்கு ஒரே சந்தோஷம்.

“உங்க வீட்டுல மட்டும் எப்படிக்கா மிஞ்சுது?” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“அது எங்க வூட்டுக்காரரு பங்கும்மா. அந்த வெஷச் சாராயத்துல போய்ட்டாரு. இன்னா பண்றது, அவருக்கும் சேத்தே அரிசி போட்டுக்கினு கீது இந்தக் கை. கீழ ஊத்தவும் மனசு வரல.”

லேபில் அந்த வீட்டு நீராகாரத்தில்தான் பாக்டீரியா நன்றாக வளர்ந்திருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

மறுநாள் நான் குப்பியை நீட்டவில்லை. “பசிக்குதுக்கா” என்றேன்.

சொம்பு நிறைய ஊற்றி, வெங்காயம் உரித்துக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை அக்கா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.