அறுப்போடு நின்றுபோகும் மாத்திரை

போன வியாழக்கிழமை பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நின்றிருந்தேன். என் பிரஷர் மாத்திரை வாங்கத்தான். ஆமாம், எனக்கும் உண்டு. வாராவாரம் கடைசி நிமிஷத்தில் பத்தி எழுதுகிறவனுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

பக்கத்தில் சுடலைமுத்து. ஆற்றங்கரை வயல்களில் கூலி வேலை பார்ப்பவர். என் மகள் கல்யாணத்துக்கு வாசலில் வாழைமரம் கட்டியவர். பழைய மருந்துச் சீட்டு ஒன்றை நீட்டினார்.

"அஞ்சு மாத்திர வெட்டிக் குடுங்க, அண்ணாச்சி."

கடைக்காரர் கத்தரியை எடுத்தார். "அஞ்சு போதுமா வே? ரெண்டு பேருக்குல்லா?"

"போதும். அஞ்சு நாள்ல பிசான அறுப்பு முடிஞ்சிரும். இனி கார் நடவுக்கு வந்து வாங்கிக்கிடுதேன்."

பிசான நெல் அறுத்தபின் கார் நெல் நட இரண்டு மாதமாவது ஆகும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடவுக்கும் பிரஷர் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

ஓரமாகக் கூட்டிப்போய் விசாரித்தேன். அவருக்கும் மனைவி பேச்சிக்கும் பிரஷர். டாக்டர் எழுதிக் கொடுத்தது இருவருக்கும் ஒரே மாத்திரை, தினம் ஆளுக்கு ஒன்று.

"அது கட்டுப்படி ஆகாது சார். வேல இருக்க அன்னைக்கு மட்டும் போடுதோம். வேல இல்லன்னா வீட்ல சும்மாதான கெடக்கோம்... அன்னைக்கு என்னத்துக்கு மாத்திர?"

"ரெண்டு பேருக்கும் வேலை இருந்தா?"

"அவ போடுவா. நாள் பூரா குனிஞ்சே நிக்கணும்லா."

பெரியாஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்குமே என்றேன். அப்படிச் சொல்வது எனக்குச் சுலபம்தானே.

"ஒரு வாரத்துக்குத்தான் தாராக. வரிசைல நின்னு வாங்கதுக்குள்ள ஒரு நாள் கூலி போயிருது. வேல இல்லாத மாசத்துல போலாம்னா, வாராவாரம் பஸ்ஸுக்கு எங்க போக?"

இலவச மாத்திரைக்கு இவ்வளவு விலை இருக்கிறது என்று எனக்கு இதுவரை தெரியாது. கால்வாயில் தண்ணீர் வந்தால் வேலை, வேலை வந்தால் மாத்திரை. தண்ணீரை அடைத்தால்? ரத்தத்துக்கு இந்தக் கணக்கு தெரியுமா என்ன?

பேச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நல்லாதான் இருக்கா. போன சித்திரைலதான் வலது கை மரத்துப்போச்சு. ரெண்டு நாள்ல சரியாயிட்டு. வெயிலுல்லா, அதான்."

சித்திரையில் வேலை கிடையாது. ஆகவே மாத்திரையும் கிடையாது. "அது வெயில் இல்ல சுடலைமுத்து" என்றேன். மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும், அடுத்த தடவை அந்தக் கை திரும்ப வராமலே போகலாம் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அவர் கையிலிருந்த ஐந்து மாத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு அட்டை வாங்கிக் கொடுத்தேன். "ரெண்டு பேருக்கும் ஒரு மாசத்துக்கு வரும். ஒரு நாளும் விடக்கூடாது. தீர்ந்ததும் என்கிட்ட வாங்க." வாங்கக் கூச்சப்பட்டார். கடைக்காரர் அதட்டியபிறகுதான் மடியில் வைத்துக்கொண்டார். போகும்போது ஒன்று கேட்டார்.

"ஒரு ஆளுக்குன்னா ரெண்டு மாசம் வருமா சார்?"

வரும் என்றேன். மனுஷர் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையே என்று மனதுக்குள் சலித்துக்கொண்டேன்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் பேச்சியைப் பார்த்தேன். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்றேன்.

"நான் தெனமும் போடுதேன் சார். அவுகதான் தொடவே மாட்டேங்காக. கார் நடவு வரைக்கும் எனக்கு வேணுமாம். சித்திரைல என்னய மாத்திர இல்லாம விடக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீகளாமே?"

நான் சொன்னதை அவர் நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறார். புரியாதவன் நான்தான். பஸ் ஸ்டாண்ட் என்றும் பாராமல் கண் கலங்கிவிட்டது.

இன்று இன்னும் ஆறு அட்டை வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை பேச்சி கையில்தான் கொடுக்கப்போகிறேன்... அவர் முழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும் அவள் பொறுப்பு.