ஆகாசத்தின் சாப்பாட்டு டப்பா

அவரை நாங்கள் ஆகாசம் என்றுதான் கூப்பிடுவோம். கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் தரையில் கால் வைப்பார். ஏறக் கால் மணி நேரம், இறங்கப் பத்து நிமிஷம். சாப்பாட்டு இடைவேளையோ வெறும் அரை மணி. அதனால் பத்தொன்பது வருஷமாக மத்தியானச் சாப்பாடு அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்தான். நான் கீழே கம்பி கட்டுகிறவன். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

ஒரு நாள் மேனேஜர் கையெழுத்தோடு அவருக்குக் கடிதம் வந்தது. இடுப்பில் மாட்டும் பாதுகாப்பு வார் நூற்றுப்பத்து கிலோதான் தாங்கும், நீங்கள் நூற்றுப்பதினெட்டு, மூன்று மாதத்தில் குறைக்காவிட்டால் கிடங்கில் மூட்டை எண்ணப் போக வேண்டும் என்று.

அதில் அவருக்குக் கோபமே இல்லை. "நியாயம்தானே? வார் அறுந்தா யார் தாங்குவா?" என்றார்.

முன்னொரு தடவை பதினோரு நாள் வேகவைத்த முட்டைக்கோஸை மட்டும் தின்று பார்த்து, பன்னிரண்டாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த மனிதர் அவர். இந்தத் தடவை அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, விடவில்லை. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை அக்காவுக்கு.

"ஒரே இலையைத் தின்ன நீங்க என்ன ஆடா? தினம் வேற வேற சமைப்போம். வாய்க்கும் ருசியா இருக்கணும், வயித்துக்கும் அளவா இருக்கணும். நானும் உங்களோட சேர்ந்துக்கறேன், எனக்கும் முட்டி வலி தாங்கல."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் தரையில் பெரிய தாளை விரித்து உட்கார்ந்தார்கள். ஏழு நாள், மூன்று வேளை, இருபத்தொரு கட்டம். ஒரு காய் மூன்று நாளைக்குள் திரும்ப வரக் கூடாது. திங்கள் மிளகு தடவி ஆவியில் வெந்த மீன், செவ்வாய் கொண்டைக்கடலையும் கீரையும், புதன் தக்காளியில் முட்டை என்று கட்டம் கட்டமாக எழுதினார்கள். அவர் நறுக்க, அக்கா சமைக்க, சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு எல்லாம் கேட்கும்.

"சோறு ஒரு கரண்டின்னுதானே பேசினோம்?"

"ஒண்ணுதாம்மா போட்டேன். கரண்டிதான் கொஞ்சம் பெரிசு!"

திங்கட்கிழமை டப்பாவோடு போனவரை வாசலில் காவலாளி நிறுத்தினார். வெளிச் சாப்பாடு உள்ளே வரக் கூடாது என்று புது அறிவிப்பு ஒட்டியிருந்தது. கேன்டீன் எடுத்து நடத்துகிறவர் மேனேஜரின் மச்சான் என்பது ஊரறிந்த விஷயம். அங்கே கிடைப்பது எண்ணெய் சொட்டுகிற பொரியலும் மலை போல வெள்ளைச் சோறும். டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கேன்டீன் பொட்டலத்தைக் கையில் திணித்து ஏணியேற்றினார்கள். அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

மத்தியானம் மூன்று மணி. என் தலைக்கு மேலே ஒரு டன் இரும்புக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அது மெல்ல, மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. கிரேன் நின்றுவிட்டது. வாக்கிடாக்கியில் அவர் குரல்: "கை நடுங்குது. இனிமே ஓட்டினா கீழ யாராவது சாவாங்க. நான் இறங்குறேன்."

இறங்கியவரிடம் மேனேஜர், "வேணும்னே பண்றியா?" என்று கத்தினார். ஐம்பது வயது மனிதரை, அத்தனை பேர் முன்னால். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் குனிந்து கம்பியைத்தான் கட்டினேன்.

மறுநாள் காலை அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் எடை குறைக்கச் சொன்ன கடிதம். இன்னொரு கையில், சுவரிலிருந்து அப்போதுதான் உரித்த அறிவிப்பு. மேனேஜரின் கார் வந்ததும் இரண்டையும் கண்ணாடிக்கு நேராக நீட்டினார்.

"இது ரெண்டும் உங்க கையெழுத்துதானே சார்? உடம்பைக் குறைன்னு சொல்றதும் நீங்க, எண்ணெயில முக்கினதைத்தான் தின்னணும்னு சொல்றதும் நீங்க. எதைக் கேக்கறது? சொல்லிட்டுப் போங்க."

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. அக்கா நகரவில்லை. கடைசியில் மேனேஜர், "சரி, அவருக்கு மட்டும் விடுங்க" என்று காவலாளியிடம் முனகினார்.

"அவருக்கு மட்டுந்தான் வயிறு இருக்கா?" என்றார் அக்கா. அதற்குள் கார் உள்ளே போய்விட்டது.

மூன்று மாதம் அந்தத் தாளில் உள்ளபடியே இருவரும் சாப்பிட்டார்கள். அவர் நூற்றாறு கிலோவுக்கு வந்தார். அக்காவும் ஐந்து கிலோ குறைந்தார். அந்த வாரமே அலுவலகச் சுவரில் ஆகாசத்தின் படம் பெரிதாக ஏறியது. கீழே எழுதியிருந்தது: 'நம் நிறுவனத்தின் ஆரோக்கியத் திட்டத்துக்குக் கிடைத்த வெற்றி.'

என்ன திட்டம்? டப்பாவைப் பிடுங்கினதா? அவர் அதைப் படித்தார், சட்டைப்பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்தார், எல்லோரும் பார்க்க அடியில் எழுதினார்: 'திட்டம் போட்டது என் மனைவி. சமைத்தது நாங்கள் இருவர். தடுத்தது நிறுவனம்.'

சாயங்காலத்துக்குள் படம் காணாமல் போனது. விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். "உள்ளதைத்தான் எழுதினேன்" என்று ஒரே வரியில் பதில் கொடுத்துவிட்டு அவர் ஏணியேறினார். கிரேன் ஓட்ட வேறு ஆள் இல்லாததால் அதோடு விட்டுவிட்டார்கள்.

எங்களுக்கு இன்னும் அதே பொட்டலம்தான். எனக்குச் சர்க்கரை வியாதி. நேற்று அக்கா அந்தத் தாளை என் வீட்டுக்காரியிடம் கொடுத்து, எழுதிக்கொள்ளச் சொன்னார். நாளைக் காலை நாங்கள் பதினேழு பேர் டப்பாவோடு வாசலுக்குப் போகிறோம்.