ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஒரு சிவிங்கி

ஆம்பூரில் நிசார் அஹமது சாயபுவின் தோல் பதனிடும் டேனரியில் பட்டைக் கிடங்குக்கு மேஸ்திரியாக இருந்தவர் அமீர் பாஷா. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறுகிற தோலை விரலால் அழுத்திப் பார்த்தே அது எத்தனை நாள் தொட்டியில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். அதற்காக அவருக்கு மரியாதை இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூன்று கால் கட்டையையும் ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு பாலாற்றுப் பக்கம் கிளம்பிவிடுவார். ஜும்மாத் தொழுகைக்குத்தான் ஊருக்குள் வருவார். அதற்காக முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பெட்டி ஒரு காமிரா. தோல் வாங்க வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில் சீமைக்குத் திரும்பும்போது சுமை ஜாஸ்தி என்று இவரிடம் விட்டுவிட்டுப் போனார். இனி மேஸ்திரி தங்களையெல்லாம் படம் பிடிப்பார் என்று ஊரில் பலபேர் சட்டை துவைத்துக் காத்திருந்தார்கள். அவர் ஒரு மனிதரைக்கூட எடுக்கவில்லை.

"மனுசன் மூச்சைப் புடிச்சினு பொணமாட்டம் நிக்கறான். அத்தப் போயி எடுத்து இன்னா பண்றது?" என்றார்.

அவர் எடுத்ததெல்லாம் பாலாற்றங்கரைப் பொந்தில் மீன்கொத்தி, தூக்கணாங்குருவிக் கூடு, ஈர மணலில் நாரையின் கால் தடம். ஒரு மீன்கொத்திக்காகப் பதினோரு வெள்ளிக்கிழமை ஒரே கல்லில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் அந்தப் படங்களுக்கு இடமில்லை. தொழுகிற வீட்டில் உயிருள்ளவற்றின் உருவம் கூடாது என்பதில் அவர் மனைவி முனவ்வர் பேகம் கண்டிப்பு. அதனால் படங்களெல்லாம் பட்டைக் கிடங்கின் மூலையில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. அந்தம்மாள் ஒருநாளும் அவற்றைப் பார்த்ததில்லை.

பார்த்து ரசித்தவர் ஒரே ஒருவர், மிஷன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்திய அந்தோணி வாத்தியார். இங்கிலீஷ் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து, படத்திலிருக்கும் பறவைக்கு எத்தனை விரல், அலகு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று இருவரும் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். வடக்கே ஒரு பெரிய பட்டணத்தில் விலங்குகளையும் பறவைகளையும் ஆராயும் சங்கம் ஒன்று இருந்தது. வாத்தியார் அதற்கு மீன்கொத்திப் படத்தை அனுப்பினார். சங்கத்தார் தங்கள் பத்திரிகையில் இரண்டு வரி போட்டார்கள். அந்த இரண்டு வரிக்காகவே மேஸ்திரி ஒரு மாதம் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

மறு வருஷம் சித்திரையில் பட்டை கொண்டுவந்து போட்ட கமலம், சும்மாட்டை உதறியபடியே ஒரு சேதி சொன்னாள். மாதனூருக்கு மேற்கே கரட்டுக்காட்டில் ஆவாரம்பட்டை உரித்து விற்பவள் அவள்.

"பாய், எங்காட்டுல ஒண்ணு குட்டி போட்டுகீது. சிறுத்தையில்ல. காலு நாயாட்டம் நீட்டு. கண்ணுலேந்து வாய் வரைக்கும் மை வழிஞ்சாப்ல ரெண்டு கோடு. எங்கப்பன் அத்த சிவிங்கின்னு சொல்லும்."

சிவிங்கியை இங்கிலீஷில் 'சீட்டா' என்று குறித்து, அந்தோணி வாத்தியார் அன்றைக்கே சங்கத்துக்கு எழுதினார். பதில் மரியாதையாகத்தான் வந்தது. அந்தப் பக்கத்தில் சிவிங்கியைப் பார்த்து வெகுகாலம் ஆகிறது, சிறுத்தையாக இருக்கலாம், படம் இருந்தால் நம்புவோம். படம் மட்டும் வந்துவிட்டால் அந்தக் காட்டில் வேட்டை கூடாது என்று சர்க்காருக்கே எழுதுவோம். மேஸ்திரி அந்தக் கடைசி வரியை வாத்தியாரிடம் நான்கு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

நாலு வெள்ளிக்கிழமை போயிற்று. வியாழன் இரவே போய், ஆவாரம் புதருக்குள்ளேயே குழி பறித்து, கிளைகளை வளைத்துக் கட்டி, உள்ளே காமிராவோடு ஒடுங்கிக் கிடந்தார். பதினெட்டு வருஷமாக அவர் உடம்பில் ஊறியிருந்தது ஆவாரம்பட்டை வாசனை. அந்தக் காட்டின் வாசனையும் அதுதான். தன் தொழில் நாற்றத்தைப் பற்றி அவர் பெருமைப்பட்டது ஆயுளில் அந்த ஒரு மாதம்தான்.

ஐந்தாம் வெள்ளி விடிந்த கொஞ்ச நேரத்தில் அது வந்தது. இருபது கஜ தூரத்தில் ஒரு பாறை நிழல். இடது காது நுனி கிழிந்திருந்தது. பின்னால் இரண்டு குட்டிகள், முதுகு நெடுகச் சாம்பல் நிறத்தில் பஞ்சு மயிர். காமிராவின் பின்பக்கக் கண்ணாடியில் எதுவும் தலைகீழாகத்தான் தெரியும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, சிவிங்கி தலைகீழாக உட்கார்ந்து தலைகீழான குட்டியை நக்கிக் கொடுப்பதை அவர் பார்த்தார். நிழலில் இரண்டு எண்ணும் நேரமாவது காமிராவின் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் அது அசைந்தால் படம் கலைந்துபோகும்.

"அம்மா, தாயே, அசையாத. ரெண்டே ரெண்டு எண்ற நேரம். அசையாத" என்று உதட்டுக்குள் கெஞ்சினார்.

அது அவர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. அப்படியே இருந்தது. அவர் மூடியைத் திறந்து, எண்ணி, மூடினார். அடுத்த படத்துக்கான கண்ணாடித் தகட்டை மாட்டுவதற்குள் பாறை நிழல் காலியாகிவிட்டது.

இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். கண்ணாடித் தகட்டை இருட்டில் மருந்துத் தண்ணீரில் கழுவிப் படத்தை வெளியே கொண்டுவர வேண்டும். வெயில் காலத்தில் விடியற்காலையில், தண்ணீர் சில்லென்று இருக்கும்போதுதான் கழுவ வேண்டும் என்று வாத்தியார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை விடியும்வரை பொறுத்திருக்கலாம். மனிதருக்குப் பொறுக்கவில்லை. மீன்கொத்திக்காகப் பதினோரு வாரம் உட்கார்ந்தவருக்கு அந்தப் பதினைந்து மணி நேரம் உட்கார முடியவில்லை. ஜும்மா முடிந்து, செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு, பட்டைக் கிடங்குக்கு ஓடினார். லீவு நாள், ஒருவரும் இல்லை. அக்கினி வெயிலில் பானைத் தண்ணீர்கூடக் காய்ச்சல்காரன் உடம்பாய்க் கொதித்தது.

படம் வந்தது. அது மருந்தில் நிலைத்ததும் கதவைத் திறந்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெளுப்பெல்லாம் கறுப்பாக, கறுப்பெல்லாம் வெளுப்பாக, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக. கண்ணிலிருந்து வாய்க்கு வழிந்த இரண்டு கோடுகள். கிழிந்த காது. தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தார்.

அப்போதுதான் ஒரு மூலை கிளம்புவதைக் கவனித்தார். சூட்டில் தகட்டின் மேல்பூச்சு இளகி, தோல் உரிவது மாதிரி கண்ணாடியைவிட்டு நழுவத் தொடங்கியிருந்தது. அந்தப் பூச்சு மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை என்று வாத்தியார் எப்போதோ சொன்னது அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது. தோல்தானே! இளகுகிற தோலை என்ன செய்ய வேண்டும் என்று அமீர் பாஷாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைக்குக் கிடைத்த தட்டில் ஆவாரம்பட்டைத் தண்ணீரை மொண்டு ஊற்றி, தகட்டை அதில் முக்கினார்.

பூச்சு கெட்டியானது. நழுவிய மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூச்சு விட்டார்.

பிறகு தட்டின் ஓரத்திலிருந்து மை ஊறியது போல் ஒரு கறுப்பு படர்ந்தது. அது பீங்கான் பூசிய தட்டு. ஓரத்தில் பீங்கான் பெயர்ந்து இரும்பு தெரிந்தது. ஆவாரம் தண்ணீரில் இரும்பு பட்டால் தோல் கறுத்துப்போகும், தொட்டிப் பக்கம் ஒரு ஆணிகூட வரக்கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே அவர் தொண்டை வற்றியிருந்தது. இந்தத் தப்புக்காக இரண்டு ஆட்களை வேலையைவிட்டே அனுப்பியிருந்தார். தகட்டை வெளியே எடுத்துத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார். கறுப்பு நிற்கவில்லை. குட்டிகள் போயின, பாறை போயிற்று. கடைசியில் அந்த முகம் போயிற்று. பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவரால் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் அந்தோணி வாத்தியார் அந்தக் கறுப்புக் கண்ணாடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படிகாரத் தண்ணி போட்டிருந்தா நின்னிருக்கும் பாய். புஸ்தகத்துல போட்டிருக்கு."

படிகாரம் அதே கிடங்கில், அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடியில், மூட்டையாகக் கிடந்தது.

சிவிங்கி இடம் மாறிவிட்டது. மூன்று வெள்ளிக்கிழமை தேடியும் கண்ணில் படவில்லை. நடந்ததை வாத்தியார் ஒளிக்காமல் சங்கத்துக்கு எழுதினார். அவர்களும் நல்லெண்ணத்தோடுதான் பதில் போட்டார்கள். வேலூரில் தங்களுக்குத் தெரிந்த ஒரு துரை இருக்கிறார், அனுபவசாலி, அவர் வந்து சரிபார்ப்பார். சரிபார்ப்பது என்றால் பார்ப்பது என்றே இரண்டு பேரும் நினைத்தார்கள். துரைமார் ஊரில் அதற்கு வேறு வழி இருந்தது, துப்பாக்கி.

ஆனி மாதம் ஒரு காலை, டவாலி போட்ட சேவகன் ஒருவன் கோணிச் சுருளோடு டேனரிக்கு வந்தான். முதலாளி அதை வாங்கி மேஸ்திரியிடமே கொடுத்தார்.

"பாஷா, துரையோட தோலு. ஒரு முடி உதிரக்கூடாது. வேற யார் கையிலயும் குடுக்காத."

பலகைமேல் பிரித்தார். இடது காது நுனி கிழிந்திருந்தது.

பலகையைச் சுற்றிக்கொண்டு தலைமாட்டுப் பக்கம் போனார். அங்கிருந்து பார்த்தால் அது தலைகீழாகத் தெரிந்தது. அப்படிப் பார்த்தால்தான் அவருக்கு அது அந்தச் சிவிங்கியாக இருந்தது. உப்பும் படிகாரமும் கலந்து தன் கையாலேயே பூசினார். ஒரு முடி உதிரவில்லை.

கமலம் பட்டை போட வந்தவள் பலகையைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்காமலே நின்றாள்.

"குட்டிங்க ரெண்டும் கத்தினு கெடந்துச்சுங்க பாய். நெல்லுச்சோறு வெச்சேன், தின்னல. மறாநா போனா காணம்" என்றாள்.

அந்தோணி வாத்தியார்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். தோலையாவது படம் எடுத்து அனுப்பலாம், இங்கே சிவிங்கி இருந்தது என்பதற்காவது ருசு இருக்கட்டும். மேஸ்திரி எடுத்தார். விடியற்காலையில், சில்லென்ற தண்ணீரில், படிகாரம் போட்டுக் கழுவினார். மூலை கிளம்பவில்லை. அவர் கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு படம் வந்ததில்லை.

அதைச் சங்கம் தன் பத்திரிகையில் முழுப் பக்கத்துக்குப் போட்டது. சுட்டவர் பெயர் இருந்தது. படம் எடுத்தவர் பெயரும் இருந்தது. வேட்டையைத் தடுப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. தடுத்துக் காப்பாற்ற அங்கே இனி என்ன இருக்கிறது?

அமீர் பாஷா அந்தப் பத்திரிகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டார். என்றைக்கும் பார்க்காத முனவ்வர் பேகம் அன்றைக்கு அதை வாங்கி, ஜன்னலருகே கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தாள். புருஷன் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

"ஏங்க, இவ்ளோ தெளிவா வந்துகீதே. ஒரு முடிகூடக் கலையலியே, எப்படி?"

"அசையாம இருந்துச்சு முனவ்வர்" என்றார். "அதான்."