புயல் வருஷத்தில் திருமலை

1955 டிசம்பர். விடியற்காலையில் நகரிக்குப் பக்கத்து ஏகாம்பரகுப்பம் நிலையத்தில் ரயிலேறினோம். ரேணிகுண்டாவில் இறங்கி இன்னும் ஆறு மைல் போனால் திருப்பதி. யாத்திரை போகிறவர்கள் முகமா எங்களுக்கு இருந்தது? தஞ்சாவூர்க் கரையைப் புயல் புரட்டிப் போட்டிருந்தது. என் மனைவி ராஜம்மாவின் தம்பி கோவிந்தன் வேதாரண்யம் உப்பளத்தில் வேலையாயிருந்தான். உயிரோடு இருக்கிறானா என்று ஒரு சேதியும் இல்லை.

பெட்டி முழுக்க ஆந்திரா–மெட்ராஸ் எல்லைத் தகராறுதான் பேச்சு.

"திருத்தணி மெட்ராஸுக்குப் போய்டுமாம். நகரி இங்கியேதானாம்" என்றார் ஒருவர்.

எந்த ஊர் எங்கே போனால் எனக்கென்ன என்று எரிச்சலாக வந்தது.

எட்டு மணிக்கு அலிபிரியில் படியேறினோம். புத்தூர்க்கார அம்மாள் ஒருவர் துணைக்கு வந்தார். தம்பிக்காக முடி கொடுக்கப் போகிறாள் என்று கேட்டுவிட்டு ராஜம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டிக்கினது நடந்தப்புறம்தானே முடி குடுப்பாங்க? நீ இன்னாம்மா இப்பவே போய்க்கினு கீற?"

"நடந்தப்புறம் குடுத்தா அது கூலிம்மா. நான் முன்னாலியே குடுத்துடறேன். அவரு எப்பிடி இல்லேன்னு சொல்றாருன்னு பாக்கறேன்."

கெட்ட சேதி வந்தால் அந்த மொட்டைத் தலையோடு இவள் என்ன ஆவாள்?

பாதி வழியில் இருக்கும் காலி கோபுரத்தருகே தூறல் விட்டது. படியோரம் ஒரு தாய்க்குரங்கு நனைந்த குட்டியை மடியில் போட்டு, மயிரைப் பிரித்துப் பிரித்துப் பேன் பார்த்தது. அதன் முதுகில் இன்னொரு குரங்கு பேன் பார்த்துக்கொண்டிருந்தது. ராஜம்மா நின்றுவிட்டாள்.

"எங்கம்மா செத்தப்புறம் கோவிந்தனுக்கு நான்தாங்க பேன் பாத்தேன். சனியன், ஒரு நிமிசம் உக்கார மாட்டான்" என்றவள் உடைந்து அழுதாள். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு என் கையிலிருந்த பொரிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

மலைமேல் போனதும், இடுப்பு வரை இருந்த முடியைக் கண் கொட்டாமல் கொடுத்தாள். நான்தான் பார்க்கமாட்டாமல் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் மாலை ஏகாம்பரகுப்பத்தில் இறங்கினோம். சடைபிடித்த தலையும் கிழிந்த சட்டையுமாக ஒருவன் என்னைப் பார்த்து ஓடிவந்தான். கோவிந்தன்! வீடு பூட்டியிருக்கவும், அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டு மத்தியானத்திலிருந்து ஸ்டேஷனிலேயே காத்திருக்கிறான். என் பக்கத்தில் முக்காடு போட்டு நின்றவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"மாமா, அக்கா எங்க?" என்றான், பதறிப்போய்.

ராஜம்மா முக்காட்டை எடுத்தாள். அவன் அந்தத் தலையையே பார்த்தான்.

"உக்கார்றா" என்றாள்.

பிளாட்பாரத்திலேயே அவனை உட்கார வைத்து, சேறு காய்ந்திருந்த தலையை விரலால் பிரித்துப் பார்க்கத் தொடங்கினாள். வீட்டுக்குப் போகலாம் என்று நான் கூப்பிட்டது இரண்டு பேர் காதிலும் விழவில்லை. விளக்கேற்றும் நேரம் வரை அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.