மலைப்பக்கம் கொஞ்சம்

ஆவுடைநாயகத்தைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை டிரைவர் வேலைக்கு வைத்தது யார் என்று தென்காசியில் கேட்காத ஆள் கிடையாது. ரோட்டில் மாடு குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்திவிடுவார். மாடு போய், அதன் பின்னால் கன்றும் போன பிறகுதான் எடுப்பார். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு ஆட்களைக் கூட்டிப் போவது, எப்போதாவது திருநெல்வேலிக்குப் போய் வருவது, இவ்வளவுதான் அவர் ஓட்டிய ஓட்டம். மலைப்பாதை என்று எதையும் அவர் கண்டதில்லை.

வண்டி அரிசி மண்டி ஆறுமுகநயினாருடையது. யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசிக்கலாமா என்பார்கள். இவர் யோசித்தார். பெட்ரோல் அவருக்குப் பிள்ளையின் ரத்தம் மாதிரி. இறக்கம் கண்ட இடத்தில் என்ஜினை அணைத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. டாங்க் முன்சீட்டுக்கு அடியில் இருந்தது. தினமும் சீட்டைத் தூக்கி, ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். குச்சியைத் தூக்கத்திலும் யாரிடமும் கொடுத்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, ஆனி மாதம். ஆறுமுகநயினாரின் மகள் வடிவாம்பாளைப் புனலூரில் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். செங்கோட்டையிலிருந்து ரயில் போகிறது. ஆனால் சம்பந்தி வீட்டு வாசலில் காரில் போய் இறங்காவிட்டால் கார் எதற்கு? ஆறுமுகநயினார், அவர் மனைவி பார்வதியம்மாள், மகள், டிரைவர், போதாததற்குச் சீர்ப் பாத்திரங்கள். இவ்வளவு கனத்தோடு வண்டி மலை ஏறுமா என்று முதலாளிக்குச் சந்தேகம் வந்தது. பித்தளை அண்டாவைக் குறைக்கப் பார்வதியம்மாள் சம்மதிக்கவில்லை. ஆகவே அவர் பெட்ரோலைக் குறைத்தார்.

"பெட்ரோலும் கனந்தானலே ஆவுடை. கனம் கொறஞ்சா இழுவை கூடும். இழுவை கூடுனா செலவு கொறையும்" என்றார்.

கேட்ட ஆவுடைநாயகத்துக்கும் அது சரியாகத்தான் பட்டது. டாங்கில் புனலூர் வரை போகிற அளவு வைத்துக்கொண்டு, மிச்ச டின்னை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

புளியரை தாண்டி ஏற்றம் தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், மேலே சாரல். இரண்டு வளைவு ஏறியதும் என்ஜின் இருமியது. மூன்றாவது வளைவில் நின்றே போனது. பிரேக்கைப் பிடித்தும் ஈர ரோட்டில் வண்டி பின்னால் வழுக்கியது. ஆவுடைநாயகம் அலறிய அலறலில் முதலாளி குதித்திறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லை உருட்டிப் போட்டார். அதன் பிறகுதான் வண்டி நின்றது.

குச்சியை விட்டுப் பார்த்தார்கள். பெட்ரோல் இருந்தது. அப்போதுதான் ஆவுடைநாயகத்துக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சிரித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. பெட்ரோல் தானாக வழிந்து ஓடித்தான் என்ஜினுக்குப் போக வேண்டும். டாங்க் நிறைந்திருந்தால் கவலையில்லை. குறைந்திருந்து, வண்டி முகத்தைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால், என்ஜின் மேலேயும் பெட்ரோல் கீழேயுமாகிவிடும். அப்படி நேர்ந்தால் வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே மலை ஏற்ற வேண்டும். இழுவையும் பின்னால் போகும்போதுதான் அதிகம்.

அதைச் சொல்லிவிட்டு, செங்கோட்டைக்கே திரும்பிப் போய்விடலாம் என்று ஆவுடைநாயகம் கெஞ்சினார். வழுக்குகிற பிரேக்கை வைத்துக்கொண்டு கீழே இறங்க முதலாளிக்குத் துணிவில்லை. பார்வதியம்மாளோ, புருஷன் வீட்டுக்குப் புறப்பட்ட பெண் பாதி வழியில் திரும்பினால் அவள் வாழ்க்கையும் திரும்பிவிடும் என்று அழுதாள். பின்பக்கமாக ஏறவும் அவள் ஒப்பவில்லை. பிறந்த வீட்டுத் திசையைப் பார்த்துக்கொண்டே ஒரு பெண் புகுந்த வீட்டுக்குப் போவதாவது!

அதுவரை வாயே திறக்காத வடிவாம்பாள், "அப்ப நான் திரும்பி உக்காந்துக்கிடுதேன்" என்றாள்.

முதலாளியும் டிரைவரும் வழியில் வந்த இரண்டு விறகுக்காரர்களும் சேர்ந்து வண்டியைத் திருப்பி நிறுத்தினார்கள். கனம் குறைய வேண்டும் என்று பார்வதியம்மாள் இறங்கி ஓரமாக நடந்தாள். ஏறிய பெண் நடுவழியில் இறங்கக் கூடாது என்பதால் வடிவாம்பாள் மட்டும் பின்சீட்டில் மண்டிபோட்டு, மேட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மேல்கூரையை மடித்தாயிற்று. முதலாளி பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டி, கையில் கல்லோடு வண்டிக்கு முன்னால், சரிவில் நின்றார். வண்டி இறங்கினால் சக்கரத்துக்குக் கொடுக்கத்தான் அந்தக் கல். அவரைப் பார்த்துச் சிரிக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆவுடைநாயகம் வண்டியைப் பின்னால் ஓட்டும் நடுமிதியை அழுத்தினார். வண்டி பின்னால் ஏறத் தொடங்கியது. காலை எடுத்தால் கீழே போய்விடும். திரும்பிப் பார்க்கவும் பயம், திரும்பினால் கால் நழுவும். கண்ணுக்கு எதிரே தெரிந்ததெல்லாம் கல்லும் கையுமாகக் கூடவே ஏறி வந்த முதலாளி, அவருக்குப் பின்னால் சாரலில் மறைந்துபோன பள்ளம். கால் நடுங்கிய நடுக்கத்தில் முழங்காலைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். தென்காசிக் கோவில் சாமியெல்லாம் வரிசையாக வந்து போனது. பின்னாலிருந்து வடிவாம்பாளின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"வரலாம் அண்ணாச்சி, வரலாம். மலைப்பக்கம் கொஞ்சம். வரலாம்."

ஒரு வளைவில் அந்தக் குரல் நின்றது. ஆவுடைநாயகத்துக்கு மூச்சும் நின்றது. பிறகு, பந்தியில் உப்புக் கேட்கிற மாதிரி, "மலைப்பக்கம் கொஞ்சம், அண்ணாச்சி" என்றாள். அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி ஏறியது.

உச்சிக்குப் போனதும் ஆவுடைநாயகம் பாறையோரம் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். ஊர் திரும்பியதும் முதலாளியின் குச்சி அடுப்புக்குப் போனது.

அதற்குப் பிறகு ஆவுடைநாயகத்தைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல முடியாமல் போயிற்று. சொன்னால், "புளியரை ஏத்தத்தைப் பின்னாலயே ஏறுனவன்லே நான்" என்பார். வளைவின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் கூடியது. மாடு வந்தால் மட்டும் முன்போலவே நிறுத்தினார்.

பல வருஷம் கழித்து ஒரு சாரலுக்கு வடிவாம்பாள் பிள்ளைகளோடு வந்தாள். வேறு வண்டி, அதே டிரைவர். குற்றாலத்துப் பேரருவியில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியோரம் நின்று ஆவுடைநாயகம் அந்தக் கதையை அவளிடமே அளக்கத் தொடங்கினார். அவள் முழுதும் கேட்டாள்.

"நடுவுல நான் சத்தமில்லாம இருந்தேனே, ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு தாயி."

"அப்ப நான் உக்காந்திருந்த பக்கத்துச் சக்கரம் பாதி ரோட்டுல இல்ல. ஒரு கல்லு பேந்து கீழ போச்சு. விழுந்த சத்தமே வரல. எனக்கு உசுரு போயிருச்சு. ஐயோன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நீங்க காலை எடுத்திருப்பிய."

பிள்ளைகள் ஈரத்தோடு வந்து ஏறினார்கள். ஆவுடைநாயகமும் ஏறி உட்கார்ந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி நகரவில்லை. குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் பெரிய மேடு பள்ளம் இல்லாத ரோடுதான். ஆனால் மிதியில் வைத்த கால் ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துப் பார்த்தார், நிற்கவில்லை. பிள்ளைகள் என்னவென்று கேட்டார்கள்.

வடிவாம்பாள் அவர்களைச் சும்மா இருக்கச் சொன்னாள். பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வரலாம் அண்ணாச்சி, வரலாம்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் வண்டி கிளம்பியது.