என் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவள்

துரத்திவிட்டேனாம்! மாடி வீட்டுக்காரி கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். "பெரியவ தன் தங்கச்சியை வெளிய தள்ளிட்டா. பாவம், செருப்பைக்கூட எடுக்க விடல. அதான் போன இடத்துலயே உசிரை விட்டுட்டா."

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள் கண்ணு, ஒன்று விடாமல் எழுது. என் தங்கச்சியை யாராலும் துரத்த முடியாது. முப்பத்தோரு வருஷம் அரசாங்கமே துரத்திப் பார்த்து அலுத்துப்போனது. போன இடத்தில் நாலு மாசம் வேலை செய்து, கடைசிப் பக்கத்தையும் முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

பிறப்பு இறப்புப் பதிவு செய்கிற ஆபீஸில் அவளுக்கு உத்தியோகம். பதினான்கு ஊர் பார்த்தவள். "ஒரு ஊர்லயும் நிலைக்கலையே, என்ன தப்பு பண்ணாளோ" என்று அதற்கும் ஒரு பேச்சு உண்டு. பண்ணிய தப்பு ஒன்றே ஒன்றுதான். கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். ஆபீஸில் அவளுக்குப் பட்டப்பெயரே "நேர்ல மேடம்".

ஒரு ஊரில் ஒருவன் தன் தாய் இறந்துவிட்டதாகத் தாள் கொண்டுவந்தான். சாட்சி, முத்திரை எல்லாம் கச்சிதம். "போட்டுக் குடும்மா, பெரிய இடத்துப் பையன்" என்றார் மேலதிகாரி. இவள் பஸ் ஏறிப் போனாள். அந்தக் கிழவி கொல்லைப்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, நீங்க போன வாரமே செத்துட்டதா உங்க பையன் எழுதிக் குடுத்திருக்காரே."

"அப்படியா? அவன் எப்பவுமே அவசரக்காரன்மா. இந்தப் போர்வையோட அந்த முனையைப் பிடி."

போர்வையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள். தாய் பேரில் இருந்த வீட்டை விற்கத்தான் அந்தத் தாள். அது செல்லாமல் போனது. அடுத்த வாரமே இவளுக்கு மாற்றல். பெட்டியும் கையுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்று, "புது ஊர்ல நல்ல லைப்ரரி இருக்காம் அக்கா" என்று சிரிக்கிறாள்! ஒரு தடவை கடல் தாண்டிப் பயிற்சிக்குக்கூட விமானத்தில் அனுப்பினார்கள். அங்கிருந்து அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு மடக்குக் குடை.

ஓய்வு பெற்று என்னோடு வந்து தங்கினாள். சும்மா இருந்தாளா? பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தாள். எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகுதான் கைநாட்டு வாங்குவாள். நானும் கைநாட்டுதான். எனக்கு வருகிற கடிதத்தையும் அப்படியே படிப்பாள், எனக்குப் பிடிக்காத வரியைக்கூட விட மாட்டாள்.

அப்புறம்தான் அந்த வெள்ளம். அவள் மூன்று வருஷம் வேலை பார்த்த ஆற்றங்கரை ஊரில் ஆபீஸ் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். பதிவேடெல்லாம் ஊறி மை கலைந்துவிட்டது. பிறந்ததற்கே அத்தாட்சி இல்லாமல் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். "உங்க பக்கங்களை எங்களால படிக்க முடியல மேடம்" என்று போன் வந்தது.

"போகாதே. முட்டி வீங்கிக் கிடக்கு. அங்க காய்ச்சல் வேற பரவுதாம்" என்றேன்.

"என் கையெழுத்து அக்கா. கலைஞ்சாலும் எனக்குப் புரியும். வேற யாருக்குப் புரியும்?"

மூன்று நாள் வாக்குவாதம். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவள் பிடித்த முயலுக்கு அதுவும் கிடையாது. புறப்படுகிற அன்று காலையில் அவள் செருப்பை எடுத்து, பீரோவில் போர்வைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். ஆமாம், நான்தான். அதையும் எழுது.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் செருப்பில் காலை நுழைத்தாள்.

"உன் செருப்பு எங்கன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா நீ பொய் சொல்லணும். இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா அந்தச் சிரமம்?"

"அது உனக்குப் பெருசுடி. தடுக்கும்."

"மெதுவா நடக்கறேன்."

பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். வீம்பு விடவில்லை. ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த மடக்குக் குடையை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினேன். மாடியிலிருந்து எட்டிப்பார்த்தவளுக்கு என் கை நீண்டது தெரிந்திருக்கும். கையில் குடை இருந்தது தெரிந்ததா?

"நேர்ல பார்த்துட்டு வரேன்" என்றாள். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொளதொளவென்று இருந்த என் செருப்பை இழுத்து இழுத்து பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். தெரு முனைவரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு தடவைகூட அவளுக்குத் தடுக்கவில்லை.